நாற்பத்தொரு கைகள்

வேலூரில் ஒன்பது வருடம் நான் பார்த்த வேலையின் பெயர் ரெஜிஸ்ட்ரார். இதைச் சொன்னதும் பாதிப் பேர் பத்திரப்பதிவு ஆபீஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். வில்லங்கச் சான்று எத்தனை நாளில் கிடைக்கும், கல்யாண சர்டிபிகேட்டில் அப்பா பெயர் தப்பாக விழுந்திருக்கிறதே மாற்ற முடியுமா என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூடக் கேட்டிருக்கிறார். நான் ரெஜிஸ்ட்ராராக இருந்தது ஒரு தனியார் டிரஸ்ட் நடத்திய சின்ன மியூசியத்தில். அங்கிருந்த புகைப்படங்களுக்கு நான் பொறுப்பு.

படம் எடுப்பதோ கண்காட்சி வைப்பதோ என் வேலையில் சேராது. ஒரு படம் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள், என்ன சொல்லிக் கொடுத்தார்கள், இப்போது எந்த அலமாரியில் எந்தப் பெட்டியில் இருக்கிறது, யார் எப்போது அதை வெளியே எடுத்தார்கள் என்பதையெல்லாம் எழுதி வைப்பேன். படத்தின் பின்பக்க மூலையில் மெல்லிய பென்சிலால் எண் போடுவேன். விரல் ரேகை பதியாமல் கையுறையோடு எடுத்து, அமிலம் இல்லாத காகிதத்தில் சுற்றி, பெட்டியில் படுக்க வைப்பேன். எந்தப் படத்தைக் கேட்டாலும் அது இருக்கும் இடத்தை நான் சொல்லியாக வேண்டும். ஒன்பது வருடத்தில் தெரியாது என்று நான் சொன்னதில்லை.

மியூசியம் ஒரு காலத்தில் தோல் மண்டியாக இருந்த கட்டடம். சுவருக்கு எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மழைக்காலத்தில் உப்புப் போட்ட தோல் வாடை எழும்பி வரும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. கல்யாண ஜோடிகள், ஸ்கூல் குரூப் போட்டோக்கள், தோல் பதனிடும் ஷாப்பு முன்னால் வரிசையாக நிற்கும் ஆட்கள், ஏலகிரிக்குப் போன ஏதோ ஒரு குடும்பம்.

எங்கள் டைரக்டர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். சென்னையில் படித்துவிட்டு இந்த ஊருக்கு வந்தவர். முதல் வருடம் மேடம் என்று கூப்பிட்டேன், பிறகு அக்கா ஆகிவிட்டார். என் மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்த ஊரிலிருந்து வந்து சேரும்வரை மூன்று நாள் என்னோடு உட்கார்ந்திருந்தது அக்காதான். ரத்தத் தட்டணுக்களுக்கு ஆள் தேடி போன் மேல் போன் போட்டதும் அவர்தான். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நான் சொல்வது முழுசாக இருக்காது. மத்தியானம் அவர் டிபன் பாக்ஸும் என் டிபன் பாக்ஸும் ஒரே மேஜையில்தான் திறக்கும். அவர் கொண்டுவரும் சுரைக்காய்க் கூட்டு எனக்குப் பிடிக்காது என்று தெரிந்து, அது இருக்கும் நாளில் எனக்காகத் தனியாக ஒரு அப்பளம் கொண்டுவருவார்.

மேல்விஷாரத்திலிருந்து அந்த டீச்சர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ரிடையர் ஆனவர். கருப்பு புர்காவுக்கு மேல் ஒரு ஜோல்னாப் பையை மாட்டிக்கொண்டு, கையில் பெரிய ஷூ டப்பா ஒன்றைப் பிடித்திருந்தார். அவருடைய அப்பா, அவர் சொல்லில் அத்தா, முப்பது வருடம் ஒரு தோல் கம்பெனியில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவர். தொழிலாளிகளின் டோக்கன் கார்டுக்குப் போட்டோ எடுப்பதும் அவருடைய வேலைதான். ஷூ டப்பாவில் முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், தீப்பெட்டி அளவு முகங்கள். எல்லோரும் ஒரே நீலத் துணிக்கு முன்னால், ஒரே மாதிரி திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டப்பாவின் அடியில் ஒரு உறை தனியாக இருந்தது. அதை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு டீச்சர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு ரோலுக்கு முப்பத்தாறு வரும்ல. முகம் எடுத்த மிச்சத்துல அத்தா இதை எடுத்திருக்காரு."

உள்ளே நாற்பத்தொரு படங்கள். எல்லாம் கைகள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர்களின் கை, குரோம் சாயம் கலந்தவர்களின் கை, தோல் சீவும் மெஷினில் நின்றவர்களின் கை. சிலது வெந்து உரிந்திருந்தது. சிலதில் நகம் இல்லை. ஒன்றில் விரலே இல்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் பெரியவரின் குட்டிக் குட்டி எழுத்தில் பெயர், டோக்கன் எண், எந்த செக்‌ஷன், எத்தனை வருட வேலை என்று எழுதியிருந்தது.

"எதுக்கு எடுத்தாரு டீச்சர்?"

"யாராவது ஒருநாள் வந்து கேப்பாங்கன்னு. யாரும் கேக்கல. ரிடையர் ஆனப்போ சட்டைக்குள்ள வெச்சு வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரு. நெகட்டிவ் எல்லாம் ஈரத்துல ஒட்டிக் கட்டியாப் போச்சு. இருக்கிறது இதுதான்."

டீச்சர் நிபந்தனைகளை ஏற்கெனவே யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். முகங்களை நாங்கள் வைத்துக்கொள்ளலாம், காட்டலாம். கைகளைக் காட்டக் கூடாது. பெயர்கள் வெளியே போகக் கூடாது. அவர் எழுதிக் கொடுக்காமல் அந்த உறை கட்டடத்தை விட்டு நகரக் கூடாது.

"கம்ப்யூட்டர்லயும் ஏத்தாதேம்மா. ஏத்தினா ஊரெல்லாம் போயிடும். இவங்க புள்ளைங்க இன்னும் அதே கம்பெனிலதான் வேலை செய்றாங்க."

"அவ்வளவு பயம்னா எங்ககிட்ட ஏன் குடுக்கிறீங்க?"

"வீட்ல வெச்சா கரையான் திங்குது. எரிச்சுடலாம்னா மனசு வரல." உறையை என் பக்கம் தள்ளி, "உங்க மேடத்தை எனக்குத் தெரியாது. எனக்கு உன் கையெழுத்துதான். உன்னை நம்பி வெக்கிறேன்" என்றார்.

ஒப்பந்தத்தை நானே டைப் செய்தேன். டீச்சர், அக்கா, நான் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். உறையைப் பதினேழாம் பெட்டிக்கு மாற்றினேன். ஸ்கேன் செய்ய முடியாததால் ஒவ்வொரு படத்துக்கும் கையால் ஒரு அட்டை எழுதினேன். படம் எந்த நிலையில் வந்தது என்பதற்கான அட்டை அது. எங்கே மடிப்பு, எங்கே கறை, எங்கே மங்கல் என்று எழுதினால் போதும். நான் கையையும் சேர்த்து எழுதினேன். எந்தக் கை, எந்த விரல், தோல் எப்படி இருக்கிறது என்றெல்லாம். பெயரை எழுதவில்லை, டோக்கன் எண்ணை மட்டும் எழுதினேன். நாற்பத்தொரு அட்டைகளுக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் வீட்டில் மாவு பிசையும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் மழை ஜாஸ்தி. ஈரம் உறிஞ்சும் மெஷின் ரிப்பேராகி, ஆள் வருவதற்குள் மூன்று அலமாரிகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. கல்யாணப் பெண்களின் முகத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அக்கா என் பக்கத்தில் அதே தரையில் உட்கார்ந்து, "ஏதாவது பண்றேன், அழாதே" என்றார்.

அவர் சொன்னபடியே செய்தார். பல கம்பெனி வாசல்களில் ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு கம்பெனி, படங்களுக்காகவே ஒரு குளிர் அறை கட்டித் தர ஒத்துக்கொண்டது. கூடவே தோல் தொழிலைப் பற்றி ஒரு கேலரியும் அமைத்துத் தருவதாகச் சொன்னது. அது டீச்சருடைய அத்தா வேலை பார்த்த கம்பெனிதான். இப்போது பேரன்கள் நடத்துகிறார்கள். எனக்கு அது உறுத்தியது. அக்காவிடம் சொன்னேன். "அவங்க இந்தத் தலைமுறை ஆளுங்க, வேற மாதிரி" என்றார். குளிர் அறையின் கதவு முதன்முறை சாத்தப்பட்டபோது உள்ளே நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். பதினெட்டு டிகிரி. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கோடையில் ஆலங்காயத்தில் என் தங்கை கல்யாணம். பத்து நாள் லீவ் போட்டேன். கிளம்புகிற அன்று அக்கா மூன்று படிவங்களோடு வந்தார். பொருள் வெளியே போகும்போது நான் கையெழுத்துப் போட வேண்டிய படிவங்கள்.

"நீ இல்லாதப்போ ஸ்கேன் பண்றவங்க வந்து குரூப் போட்டோ எதையாவது கேட்டா பேஜார். கையெழுத்து மட்டும் போட்டு வெச்சிடு. விவரம் நான் எழுதிக்கிறேன்."

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது இந்த வேலையில் முதல் நாள் கற்றுக்கொள்கிற விஷயம். மற்றவர்களுக்கு நானே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வெளியே ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றிலும் போட்டேன். குளிர் அறைச் சாவியையும் அவர் கையில் கொடுத்தேன். "நலங்கு போட்டோ அனுப்பு" என்று சொல்லி வழியனுப்பினார்.

திரும்பி வந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. படிவங்களில் இரண்டை, தேவைப்படவில்லை என்று சொல்லி, என் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார். மூன்றாவதில் குரூப் போட்டோ ஏதோ போய் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து வருடாந்திரச் சரிபார்ப்பு. எல்லாப் பெட்டிகளையும் இறக்கி, தூசி தட்டி, எண் பார்த்து, திரும்ப ஏற்றுவோம். மூடி நாடா கட்டிய பெட்டிகளை நான் திறப்பதில்லை. கையில் தூக்கிப் பார்ப்பேன். ஒன்பது வருடப் பழக்கத்தில் ஒவ்வொரு பெட்டியின் எடையும் கைக்குத் தெரியும். பதினேழாம் பெட்டியைத் தூக்கினேன், எடை சரியாகத்தான் இருந்தது. வைக்கப்போகும்போது நாடாவைப் பார்த்தேன். நான் எப்போதும் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே செருகிவிடுவேன். இதில் ஒரே சுற்று, மேலே பூ மாதிரி முடிச்சு.

பிரித்தேன். சுற்றுக் காகிதம் நான் மடித்த மாதிரியே மடித்திருந்தது. உள்ளே மை உறிஞ்சும் அட்டைகள். எங்கள் ஸ்டோரில் இருக்கும் அதே அட்டை. படங்களின் அளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெல்லிய தாள் வைத்து, நாற்பத்தொன்று. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்றேதான்.

எவ்வளவு நேரம் அந்த அறையில் நின்றேன் என்று தெரியாது. குளிர் உறைத்தபோதுதான் வெளியே வந்தேன். வெளியே போகும் பொருட்களின் ஃபைலில், நான் லீவில் இருந்த நாலாம் நாள் தேதியோடு அந்த மூன்றாவது படிவம் இருந்தது. பதினேழாம் பெட்டி, நாற்பத்தொரு படங்கள், உரிமையாளரிடம் நிரந்தரமாகத் திருப்பி அளிக்கப்பட்டது. உரிமையாளர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர். விவரமெல்லாம் அக்காவின் எழுத்து. கீழே என் கையெழுத்து.

அக்கா அறையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"வா, சாப்பிடலாம்."

"பதினேழாம் பெட்டியில வெறும் அட்டை இருக்கு அக்கா."

அவர் டிபன் பாக்ஸை மூடினார். "கதவைச் சாத்து" என்றார். சாத்தினேன்.

"அது கம்பெனி கேமரா, கம்பெனி ஃபிலிம். அந்தப் பெரியவர் சட்டைக்குள்ள வெச்சுக் கொண்டாந்தது. வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தா நாம எங்க போய் நிப்போம்?"

"வந்துச்சா?"

"வரல. வந்துடக் கூடாதுன்னுதான்."

"இது நம்மகிட்ட இருக்குன்னு அவங்களுக்கு யார் சொன்னது?"

அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "நான்தான். உங்ககிட்ட எங்க கம்பெனி சம்பந்தமா என்னென்ன இருக்குன்னு கேட்டாங்க. பெருமையாத்தான் சொன்னேன். அதுக்கப்புறம் அவங்களுக்கு வேற எதுலயும் புத்தி போகல."

"பின்னாடி பேரு எழுதியிருக்கே அக்கா. ஒவ்வொண்ணுலயும் பேரு இருக்கே."

"நாலாயிரம் படம் பூஞ்சை புடிச்சுப் போயிட்டிருந்துச்சு. நீதானே தரையில உக்காந்து அழுதே? நாலாயிரத்தைக் காப்பாத்த நாற்பத்தொண்ணு. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"டீச்சரைக் கேட்டிருப்பேன்."

"அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"அப்போ குடுத்திருக்க மாட்டேன்."

"அதனாலதான் உன்கிட்ட சொல்லல."

என் கையெழுத்தைப் பற்றிக் கேட்டேன். "நான் ஒண்ணும் போர்ஜரி பண்ணல. நீயே போட்டதுதான்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. கடைசியாக ஒன்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அட்டையை ஏன் வெட்டி வெச்சீங்க? பெட்டியைக் காலியா விட்டிருக்கலாமே."

"நீ தூக்கிப் பாப்பியே" என்றார்.

அதுவரை ஆத்திரம்தான் இருந்தது. அந்தப் பதிலில்தான் உடைந்துபோனேன். என் கட்டரில், என் ஸ்டோரில் இருந்த அட்டையை எடுத்து, எடை சரியாக வரும்வரை வெட்டி அடுக்கியிருக்கிறார். நான் எப்படி மடிப்பேன், எப்படித் தூக்குவேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எத்தனையோ நாள் என் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். நாடா முடிச்சு ஒன்றைத்தான் கவனிக்கவில்லை.

மேல்விஷாரத்துக்குப் போன அன்று ஆற்காடு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். டீச்சர் வீட்டில் ஷீர் குருமா, பெருநாளுக்குச் செய்யும் சேமியாப் பாயசம், மீதி இருந்தது. பெருநாள் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். நான் அதை முக்காலியில் வைத்துவிட்டு நின்றபடியே சொல்லி முடித்தேன். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன்.

டீச்சர் திட்டவில்லை. "நீ எதுக்குப் போட்டே?" என்று ஒரு முறை கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், பாடம் எடுக்கும் குரலில், "ஸ்கூல்ல நான் ஒரு வெத்து டிசிலகூட கையெழுத்துப் போட்டதில்ல" என்றார். அப்புறம் உள்ளே போய்விட்டார். தண்ணீர் ஊற்றி முகம் கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது புர்காவைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வா. ஆம்பூர் பக்கம் ஒரு அம்மா இருக்கு. எனக்கு நேர்ல தெரிஞ்ச ஆளு அந்தப் படத்துல அது ஒண்ணுதான். இன்னொருத்தர் வாயால கேக்கிறதுக்குள்ள நாம சொல்லிடணும்."

ஆம்பூருக்கு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கி, பாலாற்றுப் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தோம். வாசலில் ஒரு அம்மா முறத்தில் வேர்க்கடலையைப் போட்டு உரித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வலது கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கட்டை விரலையும் சுண்டு விரலையும் வைத்தே கடலையை நசுக்கினார். அந்தக் கையை எனக்குத் தெரியும். அவர் முகத்தை நேரில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னா டீச்சர், இம்மாந்தூரம்?" என்று எழுந்தார்.

டீச்சர் சொன்னார். அத்தா எடுத்த போட்டோ, மியூசியம், கம்பெனி. முடிந்ததும் அந்த அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார்.

"அதான் விஷயமா? போன மாசம் எங்க புள்ளைய ஆபீஸுக்குக் கூப்ட்டாங்க. லைன்ல சூப்பர்வைசரா இருக்கான். இன்னாத்துக்குடா கூப்ட்டாங்கன்னா, உங்க அம்மா எப்படி இருக்காங்க, கை எல்லாம் இப்ப பரவாயில்லியான்னு கேட்டாங்களாம். ஒரு டீயும் குடுத்து அனுப்பினாங்களாம். பதினெட்டு வருஷம் அங்க வேலை செஞ்சேன், அப்போ ஒருத்தன் கேக்கல. இப்ப இன்னாத்துக்கு கேக்கறாங்கன்னு நானும் அவனும் ரோசனை பண்ணிப் பண்ணி ஓஞ்சுட்டோம்."

"வேற ஏதாவது சொன்னாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா தேவல. அன்னிலேர்ந்து புள்ள எங்கிட்ட பேச்சே கம்மி. நீ யார்கிட்ட இன்னா சொன்னே, யாருக்கு போட்டோ குடுத்தேன்னு கேக்கறான். நான் எங்க குடுத்தேன்? பாய் எடுத்தாரு, நான் கைய நீட்டினேன். அவ்ளோதான்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "நான் அந்த போட்டோவப் பாத்ததே இல்லம்மா. எப்படி இருந்துச்சு?" என்றார்.

என் பையில் நான் கையால் எழுதிய நாற்பத்தொரு அட்டைகளின் நகல் இருந்தது. டீச்சரிடம் கொடுக்க எடுத்துவந்தது. டோக்கன் எண்ணைக் கேட்டேன். இவ்வளவு வருடம் கழித்தும் டக்கென்று சொன்னார். அட்டையைத் தேடி எடுத்துப் படித்தேன்.

"வலது கை. உள்ளங்கை மேலே பார்த்து இருக்கிறது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இரண்டாம் கணுவரை தோல் உரிந்திருக்கிறது. கட்டை விரல் நகம் பாதி. மணிக்கட்டில் கண்ணாடி வளையல்கள், எண்ணக்கூடிய அளவில் ஏழு. படத்தின் கீழ் இடது மூலையில் மடிப்பு."

"வளையலா?" என்றார். "ஏழா?"

"தெரியிற வரைக்கும் ஏழு. இன்னும் இருந்திருக்கலாம்."

அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். "அப்போ அது சீமந்தத்துக்குப் போட்டது. இவன் வயித்துல இருக்கான். ஏழு மாசம் முடிஞ்சும் தொட்டிக்குப் போனேன். வளையலு உள்ள உடைஞ்சிடப்போவுதுன்னு மேஸ்திரி கத்துவாரு." கொஞ்சம் சிரித்தார். அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். டீச்சர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கிளம்பும்போது அந்த அம்மா அந்த அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். "புள்ள வந்தா படிச்சுக் காட்டச் சொல்றேன்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "வேணாம், நீயே வெச்சுக்கோ. அவன் பாத்தா இன்னும் பயப்படுவான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டியதும் டீச்சர் வாயைத் திறந்தார். "முகங்களையும் குடுத்துடு. எல்லாத்தையும் நான் எடுத்துக்கிறேன்."

"சரி டீச்சர்."

டிரஸ்டுக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன், நான்கு பக்கம். இரண்டு வாரம் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது. பொருளை வெளியேற்றிய படிவத்தில் என் கையொப்பம் இருப்பதாகவும், வெற்றுப் படிவத்தில் ஏன் கையொப்பமிட்டேன் என்று விளக்கம் தர வேண்டும் என்றும். டீச்சர் கம்பெனிக்கு எழுதிய கடிதத்துக்கு, அப்படி எந்தப் படமும் தங்களிடம் இல்லை என்று பதில். நாங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு டீச்சர் ஒரு வக்கீலைப் பார்த்தார். வழக்கு என்று போனால் நாற்பத்தொரு பேரின் பெயரும் கோர்ட்டில் வரும் என்று அவர் சொன்னதும், டீச்சர் ஃபைலை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன, இருக்கின்றனவா என்பதே எனக்குத் தெரியாது.

முகங்களைத் திருப்பிக் கொடுத்ததுதான் அந்த மியூசியத்தில் நான் செய்த கடைசி வேலை. டீச்சரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு முகமாக எண் சொல்லி, காட்டி, டிக் போட்டு, கட்டினேன். இரண்டு நாள் ஆனது. குளிர் அறைக்குள் டீச்சர் ஒரு முறை வந்து சுற்றிப் பார்த்தார். "நல்லா குளுகுளுன்னு இருக்கு" என்றார். அக்கா சாட்சிக் கையெழுத்துப் போட வந்தார். படிவத்தின் எல்லா வரிகளையும் நிரப்பிய பிறகுதான் அவரிடம் நீட்டினேன். அவர் படிக்காமலே போட்டார். "இருந்துடேன். கொஞ்ச நாள்ல எல்லாம் சரியாப் போயிடும்" என்று மெதுவாகச் சொன்னார். டீச்சருக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பழைய ஃபைல்களைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வேலை பரவாயில்லை. யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. நல்ல பெண்கள்தான், கூப்பிடுகிறார்கள். எனக்குத்தான் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது எதிரில் ஒருவர் இருந்தால் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. சில நாள் டெங்கு வார்டைத் தாண்டிப் போகும்போது, அந்த மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அட்டையை வெட்டியவரும் ஒரே ஆள்தானா என்று யோசிப்பேன். ஒரே ஆள்தான். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. கெட்டவராக மட்டும் இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

போன மாதம் மத்தியான நேரத்தில் போன் வந்தது. எண்ணை நான் அழித்திருந்தேன், ஆனால் கடைசி நாலு இலக்கங்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"குடியாத்தத்துலேர்ந்து ஒரு குடும்பம் வந்திருக்கு. தறிக்காரங்க. அவங்க தாத்தா குடுத்த ஆல்பத்தைப் பாக்கணும்ங்கிறாங்க. புதுப் பொண்ணு ஒரு மணி நேரமாத் தேடுது, கிடைக்கல."

"ஆறாவது அலமாரி, மேலேர்ந்து மூணாவது தட்டு. பெரிய சைஸ்ங்கிறதால படுக்கவெச்சிருக்கு. மேல ஒரு மேப் உறை இருக்கும், அதைத் தூக்கினாத் தெரியும்."

யோசிக்காமலே வாய் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் அவர் யாரிடமோ தட்டைச் சொல்வதும், பெண் ஒருத்தி ஓடுவதும், பிறகு "இருக்கு மேடம்" என்பதும் கேட்டது. ஒரு கிழவர் சத்தமாகச் சிரிப்பதுபோலவும் இருந்தது.

"தேங்க்ஸ்" என்றார் அக்கா. பிறகு, "பாப்பா எந்த கிளாஸ் இப்போ?" என்று கேட்டார்.

நான் போனை வைத்துவிட்டேன். அவர் கேட்டார் என்பதற்காக இல்லை, நான் பதில் சொல்ல வாயெடுத்ததற்காக.